கறுப்பு மறைக்கும், வெள்ளை காட்டும்

(கணினி முன் சித்தப்பா. குமார் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வருகிறான்.)

சித்தப்பா: வாடா குமார். ஃபோட்டோஷாப்பில் எனக்குப் பின்னால் இருப்பதை மட்டும் மங்கலாக்கப் பார்த்தேன், என் மூஞ்சியும் சேர்ந்து மங்கிவிட்டது. அப்புறம் நீ போனில் சொன்ன மாதிரி மாஸ்க் போட்டு, கறுப்பு பிரஷ்ஷால் தேய்த்தேன்.

குமார்: (எட்டிப் பார்த்து) ஐயோ, யாரோ முகத்தில் கரி பூசிவிட்டுப் போன மாதிரி இருக்கே!

சித்தப்பா: நீதானேடா கறுப்பு என்றாய்?

குமார்: மாஸ்க்கில் கறுப்பு என்றேன். நீங்கள் படத்திலேயே அடித்திருக்கிறீர்கள். முதலில் அன்டூ போடுங்கள். லேயர் என்கிற அடுக்கின் சின்னப் படத்துக்குப் பக்கத்தில் வெள்ளைக் கட்டம் இருக்கிறதே, அதுதான் மாஸ்க், அதைத் தட்டுங்கள். சரி, இனி அடிப்பதெல்லாம் அதில் விழும். மேலே மங்கலான படம், அடியில் பழைய படம். கறுப்பு பட்ட இடத்தில் மேல்படம் மறையும், வெள்ளை பட்டால் திரும்பத் தெரியும்.

சித்தப்பா: கறுப்பு மறைக்கும், வெள்ளை காட்டிக்கொடுக்கும். மாதாமாதம் தலையில் இதைத்தானே செய்கிறேன், எனக்கே சொல்லித் தருகிறாயா?

குமார்: ம், அடியுங்கள்.

சித்தப்பா: அட, மூக்கு வந்துவிட்டது! கண்ணும் வந்தாச்சு. ஓரம் மட்டும் ஏன்டா கத்தரித்து ஒட்டின மாதிரி நிற்கிறது?

குமார்: பிரஷ் ஹார்ட்னெஸ், அதாவது ஓரத்தின் கூர்மை, 100-இல் இருக்கிறது. முடி ஓரத்துக்கு 0 வையுங்கள். காதுப் பக்கம் ஒபாசிட்டி, அதாவது நிறத்தின் அழுத்தம், 30 சதவீதம் போதும். கறுப்புக்கும் வெள்ளைக்கும் நடுவே 254 சாம்பல் உண்டு, சாம்பல் விழுந்த இடம் அரைகுறையாக மங்கும்.

சித்தப்பா: அந்த 254-உம் என் மீசையிலேயே இருக்கிறது, எண்ணிக்கொள். ஐயையோ, கை காதைத் தாண்டிவிட்டது! பின்னால் சுவர் பளிச்சென்று தெரிகிறதே.

குமார்: எக்ஸ் அழுத்துங்கள், பிரஷ் வெள்ளையாகும். தாண்டிய இடத்தை மட்டும் தடவுங்கள்.

சித்தப்பா: ஆச்சு. எப்படி?

குமார்: பிரமாதம். அது யார், உங்கள் தோளுக்குப் பக்கத்தில் பனிமூட்டம் மாதிரி?

சித்தப்பா: (குரலைத் தாழ்த்தி) உன் சித்தி.

குமார்: சித்தியையுமா பின்னணியில் சேர்த்தீர்கள்?

சித்தப்பா: என் மூஞ்சி வந்த சந்தோஷத்தில் கவனிக்கவில்லைடா. கொலுசுச் சத்தம் கேட்கிறது, சீக்கிரம் சொல்!

குமார்: மறுபடி எக்ஸ்!

சித்தப்பா: (உள்பக்கம் திரும்பிச் சத்தமாக) ஒன்றுமில்லை, நீ வராதே! உன் மூஞ்சியில் கொஞ்சம் கறுப்பு பூசினால் எல்லாம் சரியாகிவிடும்!

(கொலுசுச் சத்தம் நிற்கிறது. குமார் செருப்பைத் தேடுகிறான்.)