வீட்டு வேலைக்குக் கூலி வேண்டாமே

பாத்திரம் கழுவினால் பத்து ரூபாய், படுக்கை மடித்தால் ஐந்து ரூபாய் என்று பிள்ளைகளுக்குக் கூலி கொடுத்துச் சேமிக்கப் பழக்கலாம் என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. சேமிப்பு சரி, கூலிதான் இடிக்கிறது. எங்கள் வீட்டில் செய்து பார்த்தோம். இரண்டாவது வாரமே, "பாட்டிக்குத் தண்ணி கொண்டு போய்க் குடுத்தா எவ்வளவு?" என்று கேட்டான் மகன். அன்றோடு நிறுத்தினோம்.

அப்புறம் சைக்கிள் கேட்டான். 6,000 ரூபாய். பாதி நீ சேர், மீதி நாங்கள் என்றோம். பழைய பேப்பர், அட்டை, பால் கவர் எல்லாம் பிரித்துக் கட்டிப் பழைய பேப்பர் கடையில் போடுவது அவன் பொறுப்பு, காசும் அவனுக்கே. தராசை அவன் உற்றுப் பார்த்த பார்வைக்குக் கடைக்காரரே சிரித்துவிட்டார். பொங்கல் காசு, மாமா கொடுத்தது எல்லாம் மண் உண்டியலுக்குள் போனது. நடுவில் ஒருநாள் ஆட்டோவுக்குச் சில்லறை இல்லாமல் கொண்டை ஊசியால் 50 ரூபாயை நான் உருவிவிட்டேன். கண்டுபிடித்து இரண்டு நாள் பேசவில்லை. வட்டியோடு 60 ரூபாய் கட்டினேன்!

உண்டியலோடு நிற்க வேண்டாம். பத்து வயது முடிந்த பிள்ளை தபால் அலுவலகத்தில் தன் பெயரிலேயே சேமிப்புக் கணக்கு தொடங்கித் தானே இயக்கலாம். 500 ரூபாய் போதும், வட்டி 4 சதவீதம். நாங்கள் படித்தபோது பள்ளியிலேயே சஞ்சயிகா என்ற மாணவர் சேமிப்புத் திட்டம் இருந்தது, நாலணா எட்டணா கட்டுவோம். இப்போது பிள்ளைகளுக்கு அந்தப் பெயரே தெரியவில்லை.

சைக்கிள் வந்துவிட்டது. அவனுடைய தபால் அலுவலகக் கணக்கில் இன்னும் 740 ரூபாய் இருக்கிறது, எதற்கென்று சொல்ல மாட்டேன் என்கிறான்.