பேச்சிப்பாறையில் ராட்சத சாலமாண்டர் கிடையாது

"பேச்சிப்பாறை அணையில் 5 அடி விஷப் பல்லி" என்று பகிர்ந்திருக்கிறீர்கள், அண்ணா. தவறு, தயவுசெய்து நீக்கிவிடுங்கள். படத்தில் இருப்பது ஜப்பானிய ராட்சத சாலமாண்டர். 5 அடி வளரும் என்பது உண்மைதான். ஆனால் அது பல்லி அல்ல, தவளைக்கு உறவு. விலாவில் அலையலையாகத் தொங்கும் தோல் மடிப்பைப் பாருங்கள்: அந்தத் தோல் வழியாகத்தான் தண்ணீருக்குள்ளேயே மூச்சு வாங்குகிறது. அதனால் குளிர்ந்து ஓடும் ஆறு வேண்டும். பகலில் கரைப் பொந்தில் கிடந்து, இரவில் மீனும் நண்டும் பிடிக்கும். முட்டைகளுக்கு மாதக்கணக்கில் காவல் கிடப்பது ஆண்தான்; வாலை அசைத்து அசைத்து அவற்றின்மேல் புது நீரைப் பாயவிடும். மேற்குத் தொடர்ச்சி மலையில் சாலமாண்டர் இனமே இல்லை. இந்தியாவில் வடகிழக்கு மலைகளில் மட்டும் சிறிய வகைகள் உண்டு. இதை நம்பி, அந்த அணை இருக்கும் கோதையாற்றங்கரையில் யாராவது ஓர் உடும்பை அடித்துக் கொன்றுவிடுவார்களோ என்று பதறுகிறது.