ஐசியுவில் ரத்தத்துக்குள் போன பூஞ்சை

கொரோனா காலத்துப் பூஞ்சை என்றதும் எல்லோருக்கும் 2021 மே மாதத்துக் கருப்புப் பூஞ்சைதான் ஞாபகம் வரும். ஆம்ஃபோடெரிசின் ஊசிக்காக ஜனங்கள் அலைந்த அலைச்சலை மறக்க முடியாது. ஆனால் அதற்கு ஒரு வருடம் முன்பே, வென்டிலேட்டரில் கிடந்தவர்களின் ரத்தத்தில் வேறொரு பூஞ்சை வளர்ந்துகொண்டிருந்தது. அது முகத்தில் தெரியாது. காய்ச்சல் விடாது, பிரஷர் இறங்கும், அவ்வளவுதான். அதனால்தானோ என்னவோ, அதைப் பற்றி யாரும் பேசவில்லை.

அதன் பெயர் கேண்டிடா ஆரிஸ்; கேண்டிடா என்ற பூஞ்சை இனத்தில் ஒரு வகை. 2009-இல் ஜப்பானில் ஒரு நோயாளியின் காதிலிருந்து எடுத்து முதன்முதலில் விவரித்தார்கள். 2020 ஏப்ரல் முதல் ஜூலை வரை டெல்லி ஐசியு ஒன்றில் 596 கொரோனா நோயாளிகளைக் கவனித்ததில், 15 பேருக்கு ரத்தத்தில் கேண்டிடா இருந்தது. அதில் 10 பேருக்கு இந்த ஆரிஸ். அந்தப் பத்துப் பேரில் ஆறு பேர் பிழைக்கவில்லை. எண்ணிக்கை சின்னதுதானே என்று தோன்றலாம். ஃப்ளூகோனசோல் என்ற வழக்கமான மருந்துக்கு ஆரிஸ் பெரும்பாலும் அசையாது என்பதையும் சேர்த்து யோசியுங்கள்.

நான் மைக்ரோபயாலஜி லேபில் வேலை செய்பவள். நோயாளியின் ரத்தத்தில் கிருமி வளர்கிறதா என்று பார்க்க அதை ஒரு பாட்டிலில் விட்டு வைப்போம், அதுதான் பிளட் கல்ச்சர். அந்தப் பாட்டில் பாசிட்டிவ் என்று மெஷின் காட்டியதும் ஒரு சொட்டு எடுத்து, ஸ்லைடில் தடவி, சாயம் ஏற்றிப் பார்ப்போம். பாக்டீரியாவைவிடப் பெரிதாக, ஊதா நிறத்தில், முட்டை வடிவ செல்கள். ஒவ்வொன்றின் ஓரத்திலும் குட்டியாக ஒரு மொட்டு. அதைப் பார்த்தால் உடனே வார்டுக்குப் போன் செய்துவிடுவோம். ஆனால் பாட்டில் பாசிட்டிவ் ஆகவே இரண்டு மூன்று நாள் ஆகிவிடும். உடம்புக்குள் இந்தப் பூஞ்சை பரவியவர்களில் கிட்டத்தட்ட பாதிப் பேருக்கு அது கல்ச்சரில் வராது.

சரி, உள்ளே எப்படிப் போகிறது? மருந்து ஏற்றுவதற்காகக் கழுத்தின் பெரிய ரத்தக்குழாயில் போட்ட சென்ட்ரல் லைன் என்ற குழாய் ஒரு வாசல். மாற்றி மாற்றிக் கொடுத்த ஆன்டிபயாடிக்குகள் குடலில் இருக்கும் நல்ல பாக்டீரியாவை ஒழித்துவிடுகின்றன. ஸ்டீராய்டு எதிர்ப்பு சக்தியை அடக்குகிறது. இதெல்லாம் உயிரைக் காப்பாற்றக் கொடுத்ததுதான், குறை சொல்ல மாட்டேன்.

என் ஆதங்கமெல்லாம் கைகளைப் பற்றித்தான். அதே 2020-இல் அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் ஒரு மருத்துவமனையின் கொரோனா வார்டில் 67 பேரைச் சோதித்தபோது 35 பேர் உடம்பில் ஆரிஸ் இருந்தது. அங்கே அடுக்கடுக்காக கவுனும் கிளவுஸும் போட்டிருந்தார்கள். ஆனால் உள்ளே போட்டதைக் கழற்றாமல் அடுத்த நோயாளியிடம் போயிருக்கிறார்கள்; நகர்த்திக்கொண்டு போகும் கம்ப்யூட்டர்களையும் ஒழுங்காகத் துடைக்கவில்லை. பிபிஇ கிட் நர்ஸைக் காப்பாற்றியது. பக்கத்துப் படுக்கைக்காரரை யார் காப்பாற்றுவது? கட்டில் கம்பியில் இது வாரக்கணக்கில் உயிரோடு இருக்கும். வழக்கமாகத் துடைக்கும் சில கிருமிநாசினிகளுக்கு இது சரியாகச் சாவதில்லை, குளோரின் மாதிரி ஏதாவது வேண்டும்.

இதற்கு நர்ஸ்களைத் திட்டுகிறவர்களைக் கண்டால் எனக்குக் கோபம் வருகிறது. வென்டிலேட்டர் நோயாளி ஒருவருக்கு ஒரு நர்ஸ் என்பதுதான் முறை. மூன்று நான்கு பேரை ஒருவர் தலையில் கட்டிவிட்டு, ஒவ்வொரு முறையும் கை கழுவு என்றால் எப்படி முடியும்?

2022 அக்டோபரில் உலக சுகாதார நிறுவனம் பூஞ்சைகளுக்கென்று ஒரு பட்டியல் போட்டு, ஆரிஸை முதல் வரிசையில் வைத்தது. நம் மாவட்ட மருத்துவமனைகளில் வளர்ந்தது எந்த கேண்டிடா, எந்த மருந்துக்குக் கேட்கும் என்று சொல்லக்கூடிய லேப் வேண்டும். ஐசியு படுக்கைகளைக் கூட்டும்போது நர்ஸ் பணியிடங்களையும் அதே அரசாணையில் கூட்ட வேண்டும். உங்கள் வீட்டில் யாராவது ஐசியுவில் இருந்தால், "சென்ட்ரல் லைன் இன்னும் தேவைப்படுகிறதா டாக்டர்?" என்று தினமும் கேளுங்கள். தயங்க வேண்டாம்.