அவள் முகம் கழுவாமல் இல்லை

என் அக்கா மகள் பிளஸ் ஒன் படிக்கிறாள். ஒரு நாளைக்கு ஆறு தடவை சோப்புப் போட்டு முகம் கழுவுகிற பிள்ளை. எலுமிச்சம்பழத்தை வெட்டித் தேய்த்தாள், ஜாதிக்காய் இழைத்துப் பூசினாள், பரு மேல் டூத்பேஸ்ட் வைத்துக்கொண்டு தூங்கினாள். சித்திரையில் ஒரு கல்யாணப் பந்தியில் பக்கத்து இலை அம்மா, "வயசுப் பொண்ணு, மூஞ்சியச் சுத்தமா வெச்சுக்கக் கூடாதாடி?" என்றார். பாயசம் வருவதற்குள் எழுந்து போய்விட்டாள்.

பரு அழுக்கால் வருவதில்லை. கரும்புள்ளியின் கறுப்புகூட அழுக்கு இல்லை. பருவ வயதில் ஆண்ட்ரோஜன் ஹார்மோன்கள் கூடும்போது தோலின் எண்ணெய்ச் சுரப்பிகள் அதிகமாகச் சுரக்கின்றன. உதிர வேண்டிய செல்கள் உதிராமல் ஒட்டிக்கொண்டு மயிர்க்காலின் வாயை அடைக்கின்றன. எல்லோர் தோலிலும் இருக்கிற கியூட்டிபாக்டீரியம் ஆக்னிஸ் என்ற பாக்டீரியா அதற்குள் பெருக, உடம்பின் எதிர்ப்புச் சக்தி அதோடு மோதுகிறது. சிவப்பு, வீக்கம், சீழ் எல்லாம் அழற்சி என்கிற அந்த மோதல்தான்.

அடைப்பு முதலில், அழற்சி பிறகு என்றுதான் வெகுகாலம் நினைத்திருந்தார்கள். 2003இல் இங்கிலாந்தின் லீட்ஸ் நகர ஆய்வாளர்கள், பரு வருகிறவர்களின் உடம்பில் பார்வைக்குப் பழுதில்லாத தோலை எடுத்துச் சோதித்தார்கள். அடைப்பு உருவாகும் முன்பே மயிர்க்காலைச் சுற்றி அழற்சி தொடங்கியிருந்தது. தோலுக்கு அடியில், கண்ணுக்குத் தெரியாமல் நடக்கிற ஒன்றை வெளியில் தேய்த்துத் தேய்த்து எப்படி எடுக்க முடியும்? தேய்க்கத் தேய்க்கப் புண்தான் கூடும்.

வெளிக்காரணங்களும் உண்டு. தலைக்கு வைக்கிற எண்ணெய் வழிந்து நெற்றியோரம் பொடிப் பொடியாகக் கிளம்புவது, ஹெல்மெட் வார் அழுத்தி வியர்க்கிற தாடையில் வருவது, கொரோனா காலத்தில் மாஸ்க்குக்குள் வந்தது. சாப்பாடும் சேரும். பப்புவா நியூ கினியின் கிட்டாவா தீவில் 1,200 பேரைப் பார்த்த மருத்துவர், அவர்களில் ஒருவர் முகத்திலும் பருவைக் காணவில்லை என்று 2002இல் ஓர் ஆய்வு வெளியானது. கிழங்கு, பழம், மீன், தேங்காய் சாப்பிடுகிற மக்கள். பரம்பரையும் காரணமாக இருக்கலாம். ஆனால் 2007இல் ஆஸ்திரேலியாவில் 43 இளைஞர்களைப் பிரித்து, ஒரு பகுதியினருக்கு ரத்தச் சர்க்கரையைச் சட்டென்று ஏற்றாத உணவை 12 வாரம் கொடுத்தபோது அவர்களுக்குப் பரு அதிகமாகக் குறைந்தது. எடையும் குறைந்தது, அதனால் எது எதைக் குறைத்தது என்று பிரித்துச் சொல்வது கடினம். ஆனாலும் மைதா பிஸ்கட்டையும் சர்க்கரை தூக்கலான டீயையும் குறைத்துப் பார்ப்பதில் நஷ்டமில்லை.

என் ஆத்திரம் இதிலெல்லாம் இல்லை. அந்தக் கல்யாணத்துக்கு அடுத்த வாரம் அக்கா ஒரு மருந்துக்கடையில் கேட்டு ஒரு டியூப் வாங்கி வந்தாள். பத்தே நாளில் முகம் பளிச்சென்று ஆனது, நிறம்கூட ஒரு சுற்று வெளுத்தது. "நல்லா இருக்கேடி" என்று நானும் சொன்னேன். அது ஸ்டீராய்டு கிரீம். அழற்சியை அமுக்கும், அதனால்தான் அந்தப் பளிச். நாள்பட்டால் தோலை மெலியவைக்கும், அதுவே பருவையும் கிளப்பும். ஆடி மாதம் டியூப் தீர்ந்தது. நான்கே நாளில் கன்னம் முழுக்கச் சிவந்து, ஒரே அளவில் பொடிப்பொடியாகக் கிளம்பி, தண்ணீர் பட்டாலே எரிகிறது என்று அழுதாள். சீட்டில்லாமல் இந்தக் கிரீம்களை விற்கக்கூடாது என்று 2018லேயே மத்திய அரசு விதியைத் திருத்திவிட்டது. எங்களிடம் ஒருவரும் சீட்டுக் கேட்கவில்லை.

நம் மாநிறத் தோலில் பரு ஆறினாலும் கறுப்புத் தழும்பு மாதக்கணக்கில் நிற்கும். சிவப்பழகுக் கிரீமைத் தேடி ஓடவைப்பது பரு அல்ல, அந்தக் கறுப்பும் அதைப் பார்த்துப் பேசுகிற வாய்களும்தான்.

தோல் டாக்டர் அந்தக் கிரீமை நிறுத்தினார். எரிச்சல் அடங்கியபின் இரவில் அடாபலீன் என்ற பரு மருந்து கொஞ்சம், ஒரு நாளைக்கு இரண்டே தடவை மிதமான ஃபேஸ்வாஷ், வெயிலில் சன்ஸ்கிரீன். "ரெண்டு மூணு மாசம் பொறுமையா இரும்மா, கிள்ளாத" என்று அவளிடமே நேராகப் பேசினார். பரு முழுதாகப் போகவில்லை. எரிச்சல் போய்விட்டது.

ஐப்பசியில் எங்கள் வீட்டிலேயே கல்யாணம். அவள் வரமாட்டேன் என்கிறாள். இதைப் படிக்கிற சொந்தக்காரர்கள் பாதிப் பேர் அங்கே வருவீர்கள். அவளிடம் படிப்பைப் பற்றிக் கேளுங்கள், அவள் போடுகிற கோலத்தைப் பற்றிக் கேளுங்கள். முகத்தைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தையும் வேண்டாம்.