டிராகனைக் குறியீடாக்க அவசரப்படாதீர்கள்

கவிதையில் டிராகன் தலைகாட்டினால் போதும், ‘பேராசையின் குறியீடு’ என்று ஒரே வரியில் கதையை முடித்துவிடுகிறோம். இந்த அவசரம் எனக்குப் பிடிக்கவே இல்லை. நல்ல கவிஞன் கையில் டிராகன் முதலில் ஓர் உயிர். அதற்குத் தூக்கம் உண்டு, கோபம் உண்டு, சந்தோஷமும் உண்டு. குறியீடெல்லாம் அப்புறம்தான்.

பழைய ஆங்கிலக் காவியமான ‘பேவுல்ஃப்’பையே எடுத்துக்கொள்வோம். மொத்தம் 3182 வரிகள். கி.பி. 1000-ஐ ஒட்டி எழுதப்பட்ட ஒரே ஒரு கையெழுத்துப் பிரதிதான் நமக்கு மிஞ்சியிருக்கிறது. அதுவும் 1731-இல் லண்டனில் நடந்த தீ விபத்தில் ஓரங்கள் கருகித் தப்பியது. அதன் கடைசி மூன்றில் ஒரு பங்கு முழுக்க டிராகன் கதை.

ஒரு மண்மேட்டுக்குள் புதையல் கிடக்கிறது. 300 ஆண்டுகளாக டிராகன் அதன்மேல் படுத்திருக்கிறது. புதையலைப் பாம்பு காக்கும் என்று நம் ஊரில் சொல்வார்களே, கிட்டத்தட்ட அதேதான். எசமானின் அடிக்குப் பயந்து ஓடிவந்த ஒருவன் உள்ளே நுழைந்து, தூங்கும் டிராகனின் தலைக்குப் பக்கத்திலேயே நடந்துபோய், ஒரு கிண்ணத்தை எடுத்துக்கொண்டு போய்விடுகிறான்.

டிராகன் விழிக்கிறது. பாறையோரமாக மோப்பம் பிடித்துக்கொண்டு போகிறது. காலடித் தடம் தெரிகிறது. வெளியே வந்து மேட்டைச் சுற்றிச் சுற்றித் தேடுகிறது. ஆள் யாரும் இல்லை. மறுபடி உள்ளே போய்க் கிண்ணம் இருக்கிறதா என்று பார்க்கிறது. காணோம். பொழுது சாயும் வரை இருப்புக்கொள்ளாமல் காத்திருந்து, இருட்டியதும் தீயைக் கக்கிக்கொண்டு கிளம்புகிறது. உள்ளே போய் இன்னொரு தடவை பார்க்கிறதே, அந்த இடம்தான் எனக்கு உயிர். வெறும் குறியீடாக இருந்தால் எதற்காகத் திரும்பிப் போய்ப் பார்க்கப் போகிறது?

‘தி லார்ட் ஆஃப் த ரிங்ஸ்’ எழுதிய டோல்கீன் ‘பேவுல்ஃப்’ பற்றி 1936-இல் ஆற்றிய புகழ்பெற்ற உரையில் இந்த மோப்ப வரியை அவரும் பாராட்டுகிறார். ஆனாலும் மொத்தத்தில் இந்த டிராகன் வன்மம், பேராசை, அழிவு ஆகியவற்றின் உருவமாகவே சாய்ந்துவிடுகிறது, டிராகனாக இருப்பது போதவில்லை என்பது அவருடைய குறை. அவ்வளவு பெரிய வாசகரோடு இந்த ஒரு விஷயத்தில் நான் ஒத்துப்போக மாட்டேன்.

எனக்குத் துணையாக ஒரு பழைய ஆங்கிலப் பொன்மொழிக் கவிதை இருக்கிறது. எது எங்கே இருக்க வேண்டும் என்று அது அடுக்கிக்கொண்டே போகும். முதிர்ந்த டிராகன் தன் செல்வத்தின் செருக்கோடு மண்மேட்டில் இருக்க வேண்டும், மீன் தண்ணீரில் குஞ்சு பொரிக்க வேண்டும், அரசன் மண்டபத்தில் அமர்ந்து வளையங்களை வழங்க வேண்டும், கரடி புதர்க்காட்டில் திரிய வேண்டும். மீனோடும் கரடியோடும் டிராகனுக்கும் ஓர் இடம். அள்ளிக் கொடுக்கும் அரசனும் பொத்தி வைக்கும் டிராகனும் எவ்வளவு பக்கத்தில் வருகிறார்கள் பாருங்கள். பேராசை என்ற பேச்சையே கவிஞன் எடுக்கவில்லை. நமக்குப் புரிந்துவிடுகிறது.

இன்னொன்று. ‘பேவுல்ஃப்’பில் புதையலை அங்கே கொண்டுவந்து வைத்தது டிராகன் இல்லை. போரில் மாண்டுபோன ஓர் இனத்தின் கடைசி மனிதன் வைத்தது. தலைக்கவசத்தைத் துலக்குகிறவர்கள் போய்விட்டார்கள், யாழின் இன்பம் இல்லை, மண்டபத்தில் பருந்து பறக்கவில்லை என்று அவன் புலம்பும் வரிகள் காவியத்திலேயே மிக உருக்கமானவை. டிராகன் அதற்குப் பிறகு வந்து அந்தத் துயரத்தின்மேல்தான் படுக்கிறது. ‘பேராசை’ என்று சொல்லிவிட்டு நகர்ந்தால் அந்த மனிதனையும் சேர்த்தே தொலைத்துவிடுகிறோம்.

50 ஆண்டு ஆண்ட கிழ அரசன் பேவுல்ஃப் இரும்புக் கேடயம் செய்துகொண்டு சண்டைக்குப் போகிறான். வாள் முறிகிறது. கூட வந்தவர்கள் காட்டுக்குள் ஓடிவிட, விக்லாஃப் ஒருவன் மட்டும் துணைக்கு வருகிறான். இருவரும் சேர்ந்து டிராகனைக் கொல்கிறார்கள். விஷம் ஏறி அரசனும் சாகிறான்.

செத்துக் கிடக்கும் டிராகனை ஊர் மக்கள் வந்து பார்க்கிறார்கள். நீளம் 50 அடி, தன் தீயிலேயே கருகிக் கிடக்கிறது. அந்த இடத்திலும் கவிஞன் மறக்காமல் சொல்கிறான், இரவுகளில் அது வானில் பறந்து மகிழ்ந்திருந்தது என்று. தன் நாயகனைக் கொன்ற பகைவனுக்கு அவன் கொடுக்கும் மரியாதை அது.

இலக்கியம் நடத்தும் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். அந்த மோப்பக் காட்சியை முதலில் மாணவர்களுக்கு நிதானமாக வாசித்துக் காட்டுங்கள். டிராகனுக்கு என்ன அர்த்தம் என்ற கேள்வியை அவர்களே கேட்கட்டும்.