சருகாம்!

சனிக்கிழமை மண்டபத்தில் நடந்ததைப் பார்த்தீர்கள். காணொளி வாட்ஸ்அப்பிலும் சுற்றுகிறது. பினாங்குத் தீவில் பறித்து, அழுத்தி உலர்த்திப் பாதுகாத்த பழைய தாவரத் தொகுப்பைப் பற்றிப் படிவம் ஐந்து மாணவி பேசிக்கொண்டிருக்கும்போதே மைக்கை வாங்கி, "செத்த சருகுக்கு இவ்வளவு பெருமையா?" என்றார் அந்தப் பிரமுகர். நிபோங் திபாலே சிரித்தது. சரி, சிரியுங்கள்.

ஐயா, அந்தச் சருகு ஒரு சாட்சி. எங்கே, எந்த நாளில், யார் பறித்தது என்ற சீட்டோடு இருக்கிற சாட்சி. தாவரவியலாளர் வாலிக் 1822-ல் பினாங்கில் சேகரித்த செடிகள் இன்றும் லண்டன் கியூ தாவரவியல் பூங்காவில் இருக்கின்றன. 1884-ல் தண்ணீர்மலைப் பக்கம் தாவரவியல் பூங்காவை உருவாக்க வந்த சார்லஸ் கர்டிஸ், தீவில் தானாக வளரும் செடிகளுக்கு 1894-ல் ஒரு பட்டியலே வெளியிட்டார். அதில் ஒரு பெயர் எந்தச் செடியைக் குறிக்கிறது என்று சந்தேகம் வந்தால், சிங்கப்பூர் ஹெர்பேரியத்தில் (உலர் தாவரக் காப்பகத்தில்) அவர் பறித்து வைத்ததை எடுத்துப் பார்க்கலாம்.

சாட்சி போனால் என்ன ஆகும்? வில்லியம் ஜாக் பினாங்கில் செடி சேகரித்துப் புதியவற்றுக்குப் பெயர் வைத்தவர். 27 வயதில் இறந்துபோனார். 1824-ல் சிங்கப்பூரை நிறுவிய ராஃபிள்ஸ் ஏறிப்போன ஃபேம் கப்பல் எரிந்தபோது ஜாக் சேகரித்ததில் பெரும்பகுதியும் எரிந்தது. அவர் எழுதியதை மட்டும் வைத்துக்கொண்டு, எந்தச் செடியைச் சொன்னார் என்று பின்னால் வந்தவர்கள் மண்டையை உடைத்துக்கொண்டார்கள்.

"போட்டோ போதாதா?" போட்டோவிலிருந்து டிஎன்ஏ எடுத்துக் காட்டுங்கள், அப்புறம் பேசலாம். காற்றில் கரியமிலவாயு கூடக் கூட இலைகள் மூச்சுவிடும் நுண்துளைகள் குறைந்ததை 1987-ல் தாவரவியலாளர் உட்வர்ட் காட்டியதும் இப்படிப்பட்ட சருகுகளை வைத்துத்தான்.

"வெள்ளைக்காரன் வாரிக்கொண்டு போனதாச்சே?" உண்மைதான், மறுக்கவில்லை. ரப்பரையும் அவன்தானே கொண்டுவந்தான்? அதை மட்டும் நம் வரலாறு என்று மேடை மேடையாகப் பேசுகிறீர்கள்.

என் பெரியப்பா ஒரு பூங்காவில் வேலை பார்த்தவர். மரம் ஏறிக் கிளை ஒடித்து, தமிழ் நேசன் தாள்களுக்கு நடுவே வைத்து அழுத்தி, ஈரத்தாளைத் தினமும் மாற்றுவார். படித்தது மூன்றாம் வகுப்பு. லத்தீன் பெயரைத் தப்பில்லாமல் சொல்வார். சீட்டில் பெயர் என்னவோ அதிகாரிக்குத்தான். அந்தத் தொகுப்பில் எங்கள் உழைப்பும் கிடக்கிறது என்று சொல்லத்தான் அந்தப் பெண் மேடை ஏறினாள். அவளும் தோட்டத்துப் பிள்ளை. அவள் இறங்கும்போது ஒருவரும் கை தட்டவில்லை. பிரமுகருக்குத் தட்டினீர்கள்.

"விடுங்க டீச்சர், சும்மா ஜோக்" என்று கீழே எழுதப் போகிறவர்கள், முதலில் அதை அவள் வீட்டில் போய்ச் சொல்லிவிட்டு வாருங்கள்.