யாரிடமும் முழுப் பதிவேடு இல்லை

கிளை நூலகத்தில் 26 ஆண்டுகள் வேலை பார்த்தேன். யார் என்ன படிக்கிறார்கள் என்பதை வெளியே சொன்னதே இல்லை. ஒரு முறை மட்டும் சொல்லச் சொல்லி வற்புறுத்தினார்கள். ஓர் இளம்பெண் மணமுறிவுச் சட்டம் பற்றிய புத்தகம் ஒன்றை எடுத்துப்போனாள். இரண்டு குடும்ப நாவல்களுக்கு நடுவே அதைச் செருகி, மார்போடு அணைத்துப் பிடித்துக்கொண்டு போனாள். நாலைந்து நாள் கழித்து அவளுடைய கொழுந்தன் வந்தார். "எங்கள் அண்ணி என்னென்ன எடுத்துப் போகிறார்கள் என்று அந்த நோட்டைக் காட்டுங்கள் மேடம்" என்றார். நான் காட்டவில்லை. அவர் போன பிறகும் எனக்குக் கை நடுங்கியது. என் நாற்காலியில் அன்று வேறொருவர் உட்கார்ந்திருந்தால்? பதிவேடு மேசைமேல்தான் கிடந்தது. அவள் பெயரும் புத்தகத்தின் பெயரும் அதில் ஒரே வரியில் இருந்தன.

இணையத்தில் நாம் யார் என்று காட்டிக்கொள்ளாமல் தளங்களைப் பார்க்க உதவும் டோர் உலாவியைக் கணினியில் வைத்திருக்கிறேன் என்று போன வாரம் பழைய சக ஊழியர் ஒருவரிடம் சொன்னபோது, "அது திருடர்கள் புழங்கும் இடமாயிற்றே, உங்களுக்கு எதற்கு?" என்று பதறினார். போனில் சரியாகப் பதில் சொல்ல முடியவில்லை. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

டோர் செய்வது, அந்த ஒரே வரியை மூன்றாகக் கிழிப்பது. நாம் ஒரு தளத்தைத் திறந்தால், அந்தக் கோரிக்கை உலகின் வெவ்வேறு மூலைகளில் தன்னார்வலர்கள் நடத்தும் மூன்று கணினிகள் வழியாகப் போகிறது. மூன்று உறைகளுக்குள் போட்டு ஒட்டிய கடிதம் போல. ஒவ்வொரு கணினியும் தனக்குரிய உறையை மட்டும் பிரிக்கும். முதல் கணினிக்கு அனுப்பியவர் எங்கிருந்து வருகிறார் என்பது தெரியும், எங்கே போகிறார் என்பது தெரியாது. கடைசிக் கணினிக்குப் போகுமிடம் தெரியும், ஆள் தெரியாது. நடுவில் இருப்பதற்கு இரண்டும் தெரியாது. உரித்தால் தோலுக்குள் தோல் வருவதால்தான் வெங்காயத்தின் பெயரை (ஆங்கிலத்தில் 'தி ஆனியன் ரவுட்டர்', சுருக்கமாக டோர்) இதற்கு வைத்தார்கள்.

விபிஎன் போதாதா என்று சிலர் கேட்கிறார்கள். விபிஎன் என்பது நம் இணையப் போக்குவரத்து முழுவதையும் ஒரே நிறுவனத்தின் கணினி வழியாக அனுப்பும் சேவை; ஒரே கடை, ஒரே கணக்குநோட்டு. வாடிக்கையாளரின் பெயர், முகவரி முதலான விவரங்களை 5 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்று விபிஎன் நிறுவனங்களுக்கு 2022 ஏப்ரலில் இணையப் பாதுகாப்பைக் கவனிக்கும் இந்திய அரசின் செர்ட்-இன் அமைப்பு உத்தரவிட்டது. சில நிறுவனங்கள் இந்தியாவிலிருந்து தங்கள் சர்வர்களையே அகற்றிவிட்டன. நோட்டு என்று ஒன்று இருந்தால், அதைக் கேட்டு யாராவது வரத்தான் செய்வார்கள். நான் பார்த்திருக்கிறேன்.

இந்த வெங்காய முறை பிறந்தது 1990களில், அமெரிக்கக் கடற்படையின் ஆய்வுக்கூடத்தில். அதைப் பொதுமக்களுக்கு ஏன் திறந்துவிட்டார்கள் என்பதுதான் என் மனத்தை விட்டு அகலாத செய்தி. கடற்படை மட்டும் பயன்படுத்தினால், அதன் வழியே வரும் ஒவ்வொருவரும் கடற்படை ஆள் என்று தெரிந்துவிடும். மறைந்துகொள்ளக் கூட்டம் வேண்டும். அந்தப் பெண்ணின் கையிலிருந்த நாவல்களைப் போல.

கூட்டம் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு 2013 டிசம்பரில் ஹார்வர்டில் நடந்தது சாட்சி. தேர்வைத் தள்ளிப்போட நினைத்த ஒரு மாணவர், டோர் வழியாக வெடிகுண்டு மிரட்டல் அனுப்பினார். அந்த நேரத்தில் பல்கலைக்கழக வைஃபை வழியாக டோருக்குள் போனவர் யார் என்று பார்த்தார்கள், அகப்பட்டுக்கொண்டார். அவர் பிடிபட்டது நல்லதே. ஆனால் அதே இடத்தில், அலுவலக ஊழலைப் பத்திரிகைக்குச் சொல்லத் துணிந்த ஒரு குமாஸ்தாவை வைத்துப் பாருங்கள். அந்தக் கட்டடத்தில் டோரைத் திறந்தவர் அவர் ஒருவர்தான் என்றால், அவருடைய கதி என்ன? ஒளிக்க எதுவும் இல்லாத என்னைப் போன்றவர்கள் சமையல் குறிப்பும் பஞ்சாங்கமும் பார்க்க அதைத் திறந்து வைத்தால்தான் அவருக்கு மறைவு கிடைக்கும்.

திருடர்களும் இருக்கிறார்கள், மறுக்கவில்லை. சில்க் ரோடு என்ற போதைப்பொருள் சந்தை டோருக்குள்தான் நடந்தது. குழந்தைகளை வதைக்கும் படங்களைப் பரப்பியவர்களும் அங்கே ஒளிந்திருந்தார்கள். நினைத்தாலே வயிற்றைப் பிசைகிறது. ஆனால் சில்க் ரோட்டை நடத்தியவர், தொடக்க காலத்தில் பொது இணையத்தில் விட்டுச்சென்ற மின்னஞ்சல் முகவரி முதலான தடயங்களால், வழக்கமான துப்பறியும் வேலையால் சிக்கினார். 2013 அக்டோபரில் அவரைக் கைது செய்த இடம் சான் பிரான்சிஸ்கோவின் கிளென் பார்க் கிளை நூலகம். அதற்காக நூலகங்களை மூடச் சொல்லி யாரும் கேட்கவில்லை.

நூலகம் என்றதும் கில்டன் நூலகத்தைச் சொல்லாமல் இருக்க முடியாது. அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில், லெபனான் என்ற சிறு நகரத்தில் இருக்கிறது. 2015இல் அந்த நூலகம் தன் கணினி ஒன்றை டோர் கண்ணியாக, அதாவது கோரிக்கைகளைக் கைமாற்றிவிடும் தன்னார்வக் கணினிகளில் ஒன்றாக, இயக்கியது. உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையின் காதுக்குச் செய்தி போய், உள்ளூர்ப் போலீஸ் வந்து பேச, நிறுத்திவிட்டார்கள். செப்டம்பர் 15 அன்று நூலகக் குழு கூடியது. ஊர் மக்கள் வந்து ஆதரித்துப் பேசினார்கள். கண்ணியை மீண்டும் இயக்குவது என்று முடிவாயிற்று. அதைப் படித்த அன்று, முகம் தெரியாத அந்த நூலகர்களை என் உடன்பிறந்தவர்களாகவே நினைத்தேன்.

டோரை மந்திரம் என்று நினைத்துவிடாதீர்கள். உள்ளே போய் உங்கள் சொந்தக் கணக்கில் நுழைந்தால், பெயரை நீங்களே சொல்லிவிட்டீர்கள் என்று பொருள். 2007இல் சுவீடனைச் சேர்ந்த ஒருவர் கடைசிக் கணினிகள் சிலவற்றை நடத்தி, மறையாக்கம் (பிறர் படிக்க முடியாதபடி பூட்டுவது) இல்லாமல் போன தூதரகக் கடவுச்சொற்களைப் பிடித்து வெளியிட்டார். இந்தியத் தூதரகங்களும் அந்தப் பட்டியலில் இருந்தன. இரு முனைகளையும் ஒருசேரக் கண்காணிக்கும் வலிமை உள்ளவர்களிடமிருந்து டோர் காப்பாற்றாது. வேகமும் குறைவு.

அரசுகள் டோரையே தடுக்கும் நாடுகளும் உண்டு. 2021 டிசம்பரில் ரஷ்யா தடுத்தது. 2022 செப்டம்பரில், காவலில் இருந்த மஹ்சா அமினி என்ற இளம்பெண்ணின் மரணத்துக்குப் பிறகு ஈரானில் இணையத்தை நெரித்தபோது, மக்கள் ஸ்னோஃப்ளேக் வழியாக வெளியே வந்தார்கள். அது ஒரு சின்ன உலாவி நீட்சி. நம் கணினியில் போட்டுவிட்டால், தடைக்குள் இருக்கும் ஒருவர் நம்மைப் படிக்கட்டாக மிதித்து டோருக்குள் ஏறலாம். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அது வீடியோ அழைப்பு போலத் தெரியும். அவர் பார்க்கும் தளத்துக்கு நம் முகவரி போகாது. அவர் என்ன பார்க்கிறார் என்பதும் நமக்குத் தெரியாது.

ஓய்வு பெற்ற பிறகு அண்ணன் மகன் அதை எனக்குப் போட்டுக்கொடுத்தான். கடந்த 24 மணி நேரத்தில் எத்தனை பேர் நம் வழியாகப் போனார்கள் என்ற எண்ணிக்கையை மட்டும் அது காட்டும். பெயர், ஊர் எதுவும் இருக்காது. இன்று காலை காபி போட்டுவிட்டு வந்து பார்த்தேன். நான்கு பேர்.